வேலூர் ரோட்டுக்கு ஏரோ பைக் வாங்கலாமா?

முதலில் கேள்வி. கேட்டவரின் எடை 72 கிலோ. கையில் இருப்பது டிஸ்க் பிரேக் வைத்த அலுமினிய எண்டியூரன்ஸ் சைக்கிள் (சற்று நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் ஓட்டும் வகை). வாங்கும்போது இருந்த டயர்தான் இன்னும் ஓடுகிறது. ஞாயிறு காலை சத்துவாச்சாரியில் கிளம்பி ஆம்பூர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 100 கி.மீ., சராசரி வேகம் 27. மாதம் ஒரு தடவை ஏலகிரி, வருடத்துக்கு ஒரு 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி). மூன்றரை லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார். காற்றைக் கிழித்துப் போகும்படி வடிவமைத்த ஏரோ ரோடு பைக்குக்கு மாறினால் என்ன கிடைக்கும், எதை விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்று கேட்கிறார்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். காற்றைக் குறைக்கச் செலவு செய்வது சரியான எண்ணம். ஆனால் அந்த வரிசையில் ஃப்ரேம் கடைசியில்தான் வரும். உட்காரும் விதம், டயர், உடுப்பு, வீல் இத்தனைக்கும் பிறகுதான் ஃப்ரேம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிச் செலவு செய்பவர்களே அதிகம். கடையில் கண்ணுக்குத் தெரிவது ஃப்ரேம்தானே.

காரணம் கணக்கில் இருக்கிறது. காற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும்; வேகம் இரட்டித்தால் பவர் எட்டு மடங்கு. வேலூரின் காலை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.13 கிலோ இருக்கும். ஹூடை (பிரேக் லீவரின் ரப்பர் உறை போட்ட பிடி) பிடித்துக் கையை நீட்டி உட்கார்ந்த ஒருவரின் காற்றுத் தடைப் பரப்பை (காற்று மோதும் பரப்பையும் அதன் வடிவத்தையும் சேர்த்த அளவு) 0.36 சதுர மீட்டர் என்று வைப்போம். ஆள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 84 கிலோ. காற்றில்லாத சமதளத்தில் 27 கி.மீ. வேகத்துக்குக் காற்று மட்டும் 86 வாட் கேட்கும், டயர் உருள்வதற்கு 30 வாட் போகும். அந்த 86 வாட்டில் முக்கால் பங்குக்கு மேல் சைக்கிளைச் சேர்ந்ததே இல்லை, சவாரி செய்பவரின் உடம்பைச் சேர்ந்தது. ஃப்ரேம், வீல், ஹேண்டில்பார், பாட்டில் எல்லாம் மிச்சக் கால் பங்கைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இனி விளம்பரத்தில் வரும் எண்ணைப் பார்ப்போம். "20 வாட் மிச்சம்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் காற்றுச் சுரங்கத்தில் எடுத்த அளவு. அதே ஃப்ரேம் 27 கி.மீ. வேகத்தில் மிச்சப்படுத்துவது 4 வாட்டுக்குச் சற்று மேல். 15 வாட் என்று சொல்லும் ஃப்ரேம் 3 வாட். ஆம்பூர் போய்த் திரும்பும் 100 கி.மீ.க்கு இது இரண்டரை, மூன்று நிமிடம். "மெதுவாக ஓட்டுபவருக்கு ஏரோவே பயன்படாது" என்று சிலர் சொல்வது மட்டும் தவறு. 35 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவருக்கு வாட் அதிகம் மிச்சமாகும், ஆனால் அவர் ரோட்டில் இருக்கும் நேரம் குறைவு. அதே 100 கி.மீ.க்கு அவருக்கும் சுமார் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே 27-ல் ஓட்டுகிறவருக்கு ஏரோ வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மூன்று நிமிடத்தையும் அதற்கு மேலும் வேறு இடத்தில் சில ஆயிரத்துக்கு வாங்க முடியும் என்பதே என் வாதம்.

1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள் இதற்கு நல்ல சாட்சி. 24.5 கி.மீ. தனியாள் நேரப் போட்டி. கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கித் தொடங்கி, மொத்தத்தில் 8 விநாடியில் லோரன் ஃபினோனை வென்றார். அன்று லெமாண்டிடம் இருந்தது முன்கையை ஒடுக்கி வைக்கும் டிரை பார், தலையில் ஏரோ ஹெல்மெட். ஃபினோன் ஹெல்மெட் இல்லாமல், குடுமி காற்றில் பறக்க ஓட்டினார். வித்தியாசத்தைச் செய்தது உடம்பை வைத்துக்கொண்ட விதம்.

ஆகவே முதல் வேலை உட்காரும் விதம். ஹூடைப் பிடித்து, முழங்கையைச் செங்கோணத்துக்கு மடக்கி, முன்கை தரைக்கு இணையாக இருக்கும்படி குனிந்து ஓட்டிப் பாருங்கள். 0.36 என்ற பரப்பு 0.32-க்கு இறங்குவது சாதாரணம், 27 கி.மீ. வேகத்தில் அது 9 வாட்டுக்கு மேல், அதாவது ஃப்ரேம் தருவதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இந்த நிலையை எத்தனை நிமிடம் தாங்க முடிகிறது என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிடத்தில் கழுத்தும் இடுப்பும் வலித்தால் ஹேண்டில்பார் உயரமும் சேடில் இருப்பும் சரியில்லை, அல்லது உடம்பு இன்னும் பழகவில்லை. ஸ்டெமுக்கு (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) கீழே உள்ள ஸ்பேசர் வளையங்களில் 5 மி.மீ. மட்டும் எடுத்து ஸ்டெமுக்கு மேலே போட்டு, இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த 5 மி.மீ. எடுங்கள். ஃபோர்க் குழாயை அறுக்க அவசரப்படாதீர்கள். அறுத்துவிட்டால் திரும்ப வராது. ஹேண்டில்பார் 44 செ.மீ. இருந்தால் 40-க்கு மாற்றுவது நல்ல செலவு, தோள் தானாக ஒடுங்கும்.

இதைச் செய்துபார்க்காமல் ஏரோ பைக் வாங்குபவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். ரேஸ் ஃப்ரேமின் முன்பக்கம் எண்டியூரன்ஸ் ஃப்ரேமைவிட 30, 40 மி.மீ. தாழ்வாக இருக்கும். உடம்பு அதற்குத் தயாராக இல்லையென்றால் ஸ்பேசரை அடுக்கி உயர்த்துவார்கள், அல்லது ஹேண்டில்பாரின் மேல்பகுதியைப் பிடித்து நிமிர்ந்து உட்காருவார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய 4 வாட்டுக்கு எதிராக நிமிர்ந்த நெஞ்சு 10 வாட்டைத் தின்றுவிடும்.

அடுத்தது டயர். புது சைக்கிளோடு வரும் கம்பி விளிம்பு டயர்கள் பல கனமானவை, உருளும்போது அதிகம் சக்தி தின்பவை. உருள் தடைக் கெழு (உருளும்போது டயர் தின்னும் சக்தியின் அளவு) 0.006 உள்ள டயரிலிருந்து 0.004 உள்ள நல்ல 28 மி.மீ. டயருக்கு மாறினால் இவருக்கு 27 கி.மீ. வேகத்தில் 12 வாட் மிச்சம். ஒரு ஜோடிக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் ஆகலாம். இந்த விலைக்கு இவ்வளவு தரும் பொருள் சைக்கிளில் வேறு கிடையாது. மெல்லிய டயர் என்பதால் முள்ளுக்குப் பயப்படுவீர்கள், நியாயம்தான். சீமைக்கருவேல முள் நம் ஓரச்சாலையெல்லாம் கிடக்கிறது. டியூப்லெஸ் போட்டால் சிறு துளைகளை உள்ளே ஊற்றிய சீலண்ட் திரவம் அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். காற்றழுத்தம் 84 கிலோவுக்கு 28 மி.மீ. டயரில் 70 பிஎஸ்ஐ போதும். 100 அடித்தால் வேகம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. கரடு தட்டிய தாரில் சைக்கிள் துள்ளித் துள்ளி வேகத்தை இழக்கும்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொளதொளவென்று பறக்கும் ஜெர்சியை விட்டு உடம்போடு ஒட்டியதைப் போட்டால் ஏரோ ஃப்ரேமுக்குச் சமமான மிச்சம் கிடைக்கும். ஏரோ ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் நம் ஊருக்குத் தனி யோசனை வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும் ஊரில் காற்றோட்டம் இல்லாத ஹெல்மெட் ஆபத்து. முன்பக்கம் பெரிய துளைகள் உள்ள மாடலாகப் பாருங்கள், இல்லையேல் சாதாரண ஹெல்மெட்டே போதும்.

வீலுக்கு வந்தால் காற்றின் திசை முக்கியமாகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் 50 மி.மீ. ஆழ ரிம்மைப் பார்க்கவில்லை, ஆனால் சொன்னது அதற்கும் பொருந்தும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு ஆம்பூர் நெடுஞ்சாலை ஏறக்குறைய நேர் எதிர். 15 கி.மீ. எதிர்காற்றில் 27-ஐப் பிடிக்க முயன்றால் காற்று கேட்கும் 86 வாட் 200-ஐத் தாண்டும். ஃப்ரேமின் மிச்சமும் இங்கே 7, 10 வாட்டாக உயரும் என்பதை ஏரோவுக்கு ஆதரவாகச் சொல்லியாக வேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்.

திருவண்ணாமலை ரோடு வேறு கதை. அது நேர் தெற்கே போகிறது, காற்று பக்கவாட்டில் அடிக்கும். கணியம்பாடி தாண்டித் தெற்கே போகும்போது காற்று வலப்பக்கம். ஓட்டுபவர் தன்னையறியாமல் வலப்பக்கம் சாய்ந்து அதைச் சமன் செய்துகொண்டிருப்பார். அந்த நேரம் ஒரு லாரி வலப்பக்கம் முந்துகிறது. அதன் உடல் காற்றை மறைத்துவிடுகிறது. சாய்வைத் தாங்க இருந்த காற்று திடீரென்று இல்லாமல்போக, சைக்கிள் லாரியை நோக்கி நகரும். லாரி கடந்த கணத்தில் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் மண்ணுக்குத் தள்ளும். ஆழமான முன்வீல் என்றால் இந்த இரண்டு தள்ளலும் நேராக ஹேண்டில்பாருக்கு வரும். இதில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து, ஆகையால் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: முன்வீல் 40 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பின்வீல் 50 வரை போகலாம், அது ஸ்டீயரிங்கைத் திருப்பாது. 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் முன்வீலை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். லாரி சத்தம் பின்னால் கேட்டதும் ஹேண்டில்பாரின் கீழ்வளைவான டிராப்பைப் பிடியுங்கள், பிடி இறுக்கமாக வேண்டாம்.

வீலின் இன்னொரு நன்மை, அடுத்த சைக்கிளுக்கும் கூடவே வரும். இவருடைய சைக்கிளில் முன்னால் 12×100, பின்னால் 12×142 மி.மீ. த்ரூ ஆக்சில் (வீலின் நடுவே ஊடுருவும் அச்சு) இருந்தால் இன்று வாங்கும் வீலை நாளை ஏறக்குறைய எந்த நவீன ரோடு ஃப்ரேமிலும் மாட்டலாம். ரிம்மின் வெளி அகலம் டயரின் உண்மையான அகலத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருந்தால்தான் காற்று டயரிலிருந்து ரிம்முக்கு ஒட்டி வழியும், 28 மி.மீ. டயருக்கு 29.5, 30 மி.மீ. ரிம் தேடுங்கள். கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம்மை நம் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உச்ச வரம்பு 72.5 பிஎஸ்ஐ. காலையில் 25 டிகிரியில் 72 அடித்து, மதியம் மூடிய காருக்குள் வைத்தால் உள்ளே 55 டிகிரிக்குப் போகும், அழுத்தம் 80-ஐத் தொடும். கொக்கி உள்ள ரிம்மில் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

இப்போது ஃப்ரேம். எடை பற்றிய பயம் பொதுவாக மிகைதான். ஏரோ ஃப்ரேம் 300 கிராம் கூடுதல் என்றால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை 50 நிமிடத்தில் ஏறுபவருக்கு அது பத்து, பதினோரு விநாடி. ஒரு பாட்டில் தண்ணீரைக் குறைத்தால் அதைவிட அதிகம் மிச்சம். போட்டி உலகத்திலும் ஏரோ பைக், எடை குறைந்த பைக் என்ற பிரிவினை மங்கிவிட்டது. உலக சைக்கிள் சம்மேளனமான யுசிஐ-யின் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ, அந்த எடையிலேயே ஏரோ வடிவம் சாத்தியமானதும் ஸ்பெஷலைஸ்ட் 2020-ல் டார்மாக் எஸ்எல்7 வந்தபோது தன் ஏரோ பைக்கான வெஞ்சை நிறுத்தியது, டிரெக் 2024-ல் எடை குறைந்த எமோண்டாவை ஏரோ மடோனுக்குள் சேர்த்துவிட்டது.

ஏலகிரிக்கு எடையைவிட கியர்தான் பிரச்சினை. ரேஸ் பைக்குகள் பல 52/36 பல் செயின்ரிங்கோடும் (மிதியோடு சுற்றும் முன் பற்சக்கரங்கள்) 30 பல் கேசட்டோடும் (பின்வீலின் பற்சக்கரத் தொகுதி) வரும். 7 சதவீத ஏற்றத்தில் 150 வாட் கொடுத்தால் இவர் 8.5 கி.மீ. வேகத்தில் ஏறுவார், 36-30 கியரில் நிமிடத்துக்கு 55 சுற்றுதான் மிதிக்க முடியும், முழங்கால் தாங்காது. 34-34 என்றால் 66 சுற்று. பில் போடும் முன்பே 50/34 கிராங்கும் 34 பல் கேசட்டும் கேளுங்கள். வாங்கிய பிறகு மாற்றினால் கிராங்குக்குத் தனியாகப் பணம் போகும்.

ஏரோ பைக்கில் உண்மையில் விட்டுக்கொடுப்பது பராமரிப்பை. இங்கேதான் வேலூரில் இருப்பதன் பாரம் தெரியும். பிரேக் குழாய்களும் கேபிள்களும் ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, ஹெட்செட்டின் (ஹேண்டில்பார் திரும்பும் மூட்டு) மேல் பேரிங் வழியாக ஃப்ரேமுக்குள் இறங்குகின்றன. நம் புழுக்கத்தில் ஓட்டுபவரின் வியர்வை நேராகச் சொட்டுவது அந்த இடத்தில்தான். உப்பு உள்ளே இறங்கி, கிரீஸைக் கரைத்து, பேரிங் துருப்பிடிக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நிற்பது போன்ற உணர்வு வந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். வெளிக்கேபிள் சைக்கிளில் இது இருபது நிமிட வேலை. உள்கேபிள் ஃப்ரேமில் பிரேக் குழாயைக் கழற்றி அல்லது அறுத்து, பேரிங்கை மாற்றி, புது ஆலிவும் பார்பும் (குழாய் முனையை இணைக்கும் சிறு உதிரிகள்) போட்டு இணைத்து, ஆயில் ஏற்றிக் காற்றெடுக்க வேண்டும். அரை நாள் போகும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராம் ரோடு பிரேக்குக்கு டாட் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே உள்ள சீல் ஊதிக் கெட்டுவிடும், பிரேக்கே பிடிக்காமல் போகலாம். உங்கள் மெக்கானிக்கிடம் இந்த வேலையை முன்பு செய்திருக்கிறாரா, பிரேக்கில் காற்றெடுக்கும் ப்ளீட் கிட் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் 140 கி.மீ. தள்ளிச் சென்னைக்கோ 210 கி.மீ. தள்ளிப் பெங்களூருக்கோ தூக்க வேண்டும்.

மெக்கானிக்கல் கியர் கேபிளும் ஹெட்செட் வழியாகப் போகும் சைக்கிளைத் தவிர்த்துவிடுங்கள். கேபிள் கூர்மையாக வளைவதால் உராய்வு கூடும், தூசும் வியர்வையும் சேர்ந்ததும் கியர் தயங்கித் தயங்கி விழும். அப்படிப்பட்ட ஃப்ரேம் வேண்டுமென்றால் எலக்ட்ரானிக் கியரோடு வாங்குங்கள்.

ஒரே துண்டாக வரும் ஹேண்டில்பாரும் ஸ்டெமும் அழகுதான். ஸ்டெம் 10 மி.மீ. குறைத்தால் முதுகு வலி தீரும் என்று பிறகு தெரிந்தால் முழுத் துண்டையும் மாற்ற வேண்டும். கார்பன் என்றால் ஒரு நல்ல டயர் ஜோடியைப் போலப் பல மடங்கு விலை. தட்டையான மேல்பகுதியில் சாதாரண கிளிப்-ஆன் ஏரோ பாரும் (முன்கையை வைக்க மேலே மாட்டும் பிடி) ஏறாது, 31.8 மி.மீ. உருண்டைப் பாரில்தான் மாட்ட முடியும். சீட் போஸ்டும் அந்த ஃப்ரேமுக்கென்றே செய்த ‘D’ எழுத்து வடிவமாக இருக்கும். உள்ளே ஒரு சிறிய ஆப்பு இறுக்கிப் பிடிக்கும். மண் புகுந்தால் கிறீச்சென்று சத்தம், திருகு தளர்ந்தால் போஸ்ட் மெல்ல இறங்கும். கார்பன் பேஸ்ட் தடவி, அங்கே எழுதியிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்க வேண்டும். கைக்கணக்கில் இறுக்கினால் கார்பன் விரியும். பிரெவே ஓட்டுபவருக்கு இன்னொரு தொல்லை: சாதாரண பின்விளக்குப் பட்டை அந்த ‘D’ வடிவத்தில் நேராக நிற்காது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் கொடுக்கும் சவாரியில் இருட்டுவது சகஜம். விளக்கு அசையாமல் இருந்தாக வேண்டும். அந்த ஃப்ரேமுக்கான விளக்குப் பிடி கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கூட்டமாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் போகும் ஒருவரின் பின்னால் ஒட்டிப் போனால் காற்றுத் தடை கால் பங்குக்கு மேல் குறையும். ஞாயிறு சவாரி முழுவதும் குழுவின் நடுவில்தான் என்றால் ஏரோ ஃப்ரேம் தரும் சில வாட் அதில் மறைந்துவிடும்.

அப்படியானால் ஏரோ பைக் யாருக்கு? தனியாக, சமதளத்தில், 33 கி.மீ.க்கு மேல் ஒரு மணி நேரம் நிலைத்து ஓட்டுபவர், தாழ்ந்த நிலையை ஏற்கெனவே தாங்குபவர், டயரும் வீலும் மாற்றி முடித்தவர். அவருக்கு அடுத்த படி ஃப்ரேம்தான், தயங்காமல் வாங்கலாம். பாலாற்றங்கரைச் சமதளம் அதற்கு ஏற்ற ஊர்.

கேட்டவருக்கு என் யோசனை: இந்த வருடம் ஃபிட்டிங் (உடம்புக்கேற்ப சைக்கிளைச் சரிசெய்வது), டயர், உடுப்பு, ஹேண்டில்பார் எல்லாம் சேர்த்து முப்பது, நாற்பதாயிரத்துக்குள் முடியுங்கள். அதிலேயே பழைய சைக்கிள் 27-லிருந்து 29 வரை வரும். ஆறு மாதம் கழித்தும் புது ஃப்ரேம் ஆசை இருந்தால், மிச்சமிருக்கும் மூன்று லட்சத்துக்கு முழு ஏரோ வேண்டாம். குழாய்களில் ஏரோ வடிவம் சேர்ந்த ஆல்-ரவுண்ட் ஃப்ரேமாகப் பாருங்கள். 32 மி.மீ. டயருக்கு இடம், தனித்தனி ஸ்டெமும் பாரும், திருகு வகை பாட்டம் பிராக்கெட் (மிதியச்சு சுழலும் பேரிங்), 50/34 கிராங்க். இந்த நான்கில் எதையும் விடாதீர்கள். அழுத்திப் பொருத்தும் பாட்டம் பிராக்கெட் நம் மண்ணுக்கும் மழைக்கும் சீக்கிரமே சத்தம் போடத் தொடங்கும்.

பழைய கார்பன் ஏரோ பைக் பாதி விலைக்கு வந்தால் பில்லும் சீரியல் எண்ணும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சீட் போஸ்டை முழுவதும் வெளியே எடுத்து, ஃப்ரேமின் பிடிப்பு விளிம்பில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தேடுங்கள். செயின்ஸ்டே (மிதியிலிருந்து பின்வீலுக்குப் போகும் குழாய்), டவுன் டியூப் (முன்பக்கத்திலிருந்து மிதிக்குச் சரியும் குழாய்) அடிப்பகுதியை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்றும் உடைந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். ஸ்டெமைக் கழற்றி ஃபோர்க் குழாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

புதிதாக வாங்குவதானால் டெலிவரி எடுக்கும் அன்றே அந்த ஃப்ரேமுக்கான டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர் தொங்கும் சிறு உலோகத் துண்டு) இரண்டு, சீட் போஸ்ட் ஆப்பு ஒன்று, மேல், கீழ் ஹெட்செட் பேரிங் ஒரு செட் சேர்த்து வாங்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள். அந்த மாடல் நின்றுபோன பிறகு இவை எளிதில் கிடைக்காது; ஒரு ஹேங்கர் இல்லாமல் சைக்கிள் மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்க நேரும்.